இனிப்பு போன பிறகு பழத்தில் என்ன மிச்சம்?

சென்னையிலிருந்து அடுத்த பிப்ரவரியில் வேலையாக பிரஸ்ஸல்ஸ் போகிற ஒருவர் கேட்டிருக்கிறார்: “போன முறை போனபோது ‘கிரீக்’ என்று ஒரு செரி பீர் குடித்தேன். இருமல் மருந்து மாதிரி இனித்தது. மறுநாள் வேறு கடையில் அதே பெயரில் ஒன்றைக் கொடுத்தார்கள், பல் கூசும் புளிப்பு. கெட்டுப்போனதை என் தலையில் கட்டிவிட்டார்களா? எது அசல்? லாம்பிக், லாம்பிக் என்கிறார்களே, அது என்ன? இந்த முறை எதில் ஆரம்பிக்கலாம்?”

கெட்டுப்போனதில்லை. இரண்டாவதாக நீங்கள் குடித்ததுதான் பழைய முறையில் செய்தது. முதலில் குடித்தது சர்க்கரையோ இனிப்பான பழச்சாறோ சேர்த்தது. இரண்டுக்கும் கிரீக் என்றுதான் பெயர், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. (கிரீக் என்றால் கிரேக்கம் இல்லை. புளிப்புச் செரிக்கு ஃபிளெமிஷ் மொழியில் உள்ள பெயர்.) ஆனால் பழம் போட்ட பீர் ஏன் இனிக்காது என்று புரிய வேண்டுமானால், பழம் உள்ளே போவதற்கு ஒன்றரை வருஷம் முன்பிருந்து தொடங்க வேண்டும்.

லாம்பிக் என்பது பிரஸ்ஸல்ஸிலும், அதன் தென்மேற்கே பையோட்டன்லாண்ட் என்கிற விவசாயப் பகுதியிலும், ஸென் ஆற்றை ஒட்டிய ஊர்களில் காய்ச்சப்படும் கோதுமை பீர். உலகத்தில் மற்ற பீர் பெரும்பாலும் உறை ஊற்றிய தயிர் மாதிரி. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஈஸ்ட்டை அளந்து போடுவார்கள், ஒரு வாரம் பத்து நாளில் நொதித்து முடிந்துவிடும். லாம்பிக்குக்கு யாரும் உறை ஊற்றுவதில்லை. நம் வீட்டில் இட்லி மாவை ஆட்டி மூடி வைக்கிறோமே, அதில் யார் ஈஸ்ட் போட்டார்கள்? அரிசியிலும் உளுந்திலும் கையிலும் இருப்பது போதும். அதே கதைதான் இதுவும். ஒரே வித்தியாசம், மாவு ஒரு ராத்திரியில் பொங்கிவிடும், லாம்பிக் மூன்று வருஷம் வரை எடுத்துக்கொள்ளும்.

அந்த மூன்று வருஷத்துக்கான சாப்பாட்டை முதல் நாளே கட்டிக் கொடுக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ் நகருக்குள்ளேயே, அண்டர்லெக்ட் பகுதியில், 1900இல் தொடங்கிய கான்டியோன் என்ற சிறிய குடும்ப ஆலை இருக்கிறது. அங்கே ஒரு ஈட்டுக்கு 1,300 கிலோ தானியம் போகிறது. அதில் சுமார் 850 கிலோ முளைகட்டிய பார்லி, 450 கிலோ முளைகட்டாத பச்சைக் கோதுமை. சாதாரண பீரில் மாவுச்சத்து முழுவதையும் எளிய சர்க்கரையாக்கி, தெளிந்த சாறாக வடிக்கத்தான் பாடுபடுவார்கள். இங்கே நேர்மாறு. தானியம் ஊறிக்கொண்டிருக்கும்போதே, பாதியில், கலங்கலான கஞ்சித்தண்ணியை மொண்டெடுத்துத் தனியாகச் சூடாக்குவார்கள். மாவுச்சத்தை உடைக்கிற நொதிகள் அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும். அதனால் சாதாரண ஈஸ்ட்டால் கடிக்க முடியாத கடினமான சர்க்கரைகள் நிறைய மிஞ்சும். எட்டு மாதம், ஒரு வருஷம் கழித்து வேலைக்கு வரப்போகிற உயிர்களுக்கு அதுதான் கட்டுச்சோறு.

அப்புறம் ஹாப்ஸ். பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற பூ. மற்ற ஆலைகள் ஹாப்ஸை எவ்வளவு புதிதாகக் கிடைத்தாலும் நல்லது என்று குளிர்பதனத்தில் வைத்துக் காப்பாற்றும். லாம்பிக்காரர்கள் இரண்டு மூன்று வருஷம் கிடப்பில் போட்டுக் கசப்பும் மணமும் போன பிறகுதான் எடுப்பார்கள். முகர்ந்து பார்த்தால் பழைய சீஸ் வாடைதான் வரும். வேண்டாத பாக்டீரியாவை அடக்குகிற குணம் மட்டும் அதில் மிச்சமிருக்கும், அவர்களுக்கு வேண்டியது அதுதான். மணிக்கணக்கில் கொதித்து, 10,000 லிட்டர் சாறு 7,500 லிட்டராக வற்றும்.

இனிதான் வேடிக்கை. நான் அந்த ஊரில் இருந்தபோது ஒரு குளிர்காலத்தில் காய்ச்சும் நாளைப் பார்க்கப் போயிருந்தேன். மர ஏணி போன்ற படியில் ஏறினால் ஓட்டுக்கூரைக்குக் கீழே பரண் மாதிரி ஓர் இடம். அதை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு தாமிரத் தொட்டி. கூல்ஷிப் என்கிறார்கள். அகலம் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு அளவு, ஆழமோ ஓர் அடிதான் இருக்கும். கொதித்த சாறு சாயங்காலம் அதில் வந்து விழுந்தது. ஆவியில் எதிரே நிற்கிறவர் முகம் தெரியவில்லை. உள்ளே வியர்க்கிறது, சுவரிலுள்ள மரச் சட்டங்களின் இடுக்கு வழியாக முதுகில் பனிக்காற்று குத்துகிறது. வேகவைத்த கோதுமை வாடை. அவ்வளவுதான், விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் சாறு 20 டிகிரி அளவுக்கு ஆறியிருக்கும். ராத்திரியில் காற்றோடு வந்து விழுந்ததெல்லாம் அதில் குடியேறியிருக்கும்.

இந்தக் காற்றுக் கதையைச் சுற்றுலா வழிகாட்டிகள் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள். ஸென் பள்ளத்தாக்கின் காற்றில் மட்டும் ஏதோ மாயம் இருப்பது போலப் பேசுவார்கள். காற்றுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கூரை, சுவர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல பத்தாண்டுகளாக இதே வேலைக்குப் பழகிய பீப்பாய் மரம், இவற்றில் குடியிருக்கும் உயிர்களின் பங்கும் பெரியது. அதனால்தான் பழைய லாம்பிக் ஆலைகளில் சிலந்தி வலையைக்கூட லேசில் கலைக்க மாட்டார்கள். பழ ஈயைச் சம்பளம் இல்லாமல் பிடிக்கிற வேலையாள் சிலந்தி. அந்த ஈ உள்ளே வந்தால் பீர் வினிகராகிவிடும்.

இந்த வேலை வருஷம் முழுக்க நடக்காது. சுமாராக அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான். கோடையில் ராத்திரி போதிய அளவு ஆறாது, கெடுக்கும் பாக்டீரியாவும் காற்றில் அதிகம். 2015 நவம்பரில் இரவுகள் குளிராததால் கான்டியோன் சில நாள் காய்ச்சுவதையே நிறுத்த வேண்டியிருந்தது. பருவம் தப்பினால் பாதிக்கப்படுவது நெல் மட்டுமில்லை.

ஆறிய சாறு பீப்பாய்க்குப் போகும். ஓக் அல்லது செஸ்ட்நட் மரம், பெரும்பாலும் ஏற்கெனவே ஒயின் இருந்த பீப்பாய்கள். உள்ளே நடப்பது ஒரு நீண்ட பந்தி. முதல் பந்தியில் குடல் பாக்டீரியா வகையறா வந்து உட்கார்ந்துவிட்டுச் சில வாரங்களில் எழுந்து போகும். அடுத்து வழக்கமான ஈஸ்ட், ஆல்கஹாலில் பெரும்பகுதி இதன் வேலை. மூன்று நாலு மாதம் கழித்து, வெயில் ஏறும்போது, பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா தலையெடுக்கும். இது தருவது லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். அதனால் நல்ல லாம்பிக்கின் புளிப்பு வினிகர் மாதிரி தொண்டையைப் பிடிக்காது, கெட்டித் தயிரின் தெளிந்த தண்ணீரைப் போல நாக்கின் ஓரத்தில் நிற்கும். இந்தக் கட்டத்தில் சில பீப்பாய்களில் பீர் எண்ணெய் மாதிரி கொழகொழப்பாகிவிடும். அனுபவமில்லாதவன் பார்த்தால் கொட்டிவிடுவான். அவர்கள் ‘அதற்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

அதைக் குணப்படுத்த வருவது கடைசிப் பந்திக்காரர், ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். கொழகொழப்பையும், முதல் நாள் கட்டிக் கொடுத்த கடினமான சர்க்கரையையும் மெதுவாகத் தின்று தீர்க்கும். 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாசன் என்பவர் ஆங்கிலேய பீர்களைச் சோதிக்கும்போது வைத்த பெயர் இது, ‘பிரிட்டிஷ் பூஞ்சை’ என்று பொருள். இதன் பேர்போன இனத்துக்கு ப்ரக்ஸெல்லென்சிஸ், அதாவது பிரஸ்ஸல்ஸ்காரன், என்று பெயர். ஒயின்காரர்கள் இதைக் கண்டால் அலறுவார்கள், அவர்களுக்கு இது தொற்று. லாம்பிக்கில் இதுதான் ஆளையே அடையாளம் காட்டும். வைக்கோல், ஈரத் தோல், குதிரைக் கொட்டடி, எலுமிச்சைத் தோல் எல்லாம் கலந்த ஒரு வாசனை. முதல் தடவை முகரும்போது மூக்கைச் சுளிப்பீர்கள். பரவாயில்லை, நானும் சுளித்தேன்.

பீப்பாயிலிருந்து நேராக எடுத்த லாம்பிக்கில் நுரையே இருக்காது. மரத்தின் வழியாக வாயு போய்விடும். பீர் என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம், உலர்ந்த வெள்ளை ஒயின் என்று நினைத்துக் குடித்தால் சரி. ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லாம்பிக்குகளைக் கலந்து ஷாம்பெயின் போன்ற கனத்த பாட்டிலில் அடைத்து கார்க் போட்டால் அது கூஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரையைத் தரும், கிழடு ஆழத்தைத் தரும். பீப்பாய்க்குப் பீப்பாய் ருசி மாறுவதால் கலப்பவரின் நாக்குதான் எல்லாம். சொந்தமாகக் காய்ச்சாமல், மற்றவர்களிடம் சாறு வாங்கி, ஊறவைத்துக் கலப்பதை மட்டுமே தொழிலாகச் செய்பவர்களும் உண்டு.

நாக்கு எல்லாம் என்றேன், தெர்மோஸ்டாட்டும் கொஞ்சம். 2009இல் ட்ரி ஃபொன்டெய்னன் ஆலையின் கிடங்கில் அந்தக் கருவி பழுதாகி அறை சூடேறியதில் பல்லாயிரம் பாட்டில்கள் வீணாயின, பல வெடித்தன. ஆலையை நடத்திய அர்மான்ட் டெபெல்டர், குடிக்க முடியாமல் போன பீரை வடித்துச் சாராயமாக்கித் தன் பெயரிலேயே விற்றுக் கடையை நிமிர்த்தினார்.

சரி, பழம்.

பிரஸ்ஸல்ஸின் வடகிழக்கே ஸ்கார்பேக் என்று ஒரு பகுதி. இன்று முழுக்கக் கட்டடம், டிராம், நெரிசல். ஒரு காலத்தில் செரித் தோப்புகள். அங்கிருந்து கழுதை மேல் செரியை ஏற்றிக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் சந்தைக்கு வருவார்களாம், அதனால் அந்த ஊருக்குக் கழுதைகளின் ஊர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஸ்கார்பேக் செரி சின்னது, கறுப்புச் சிவப்பு, புளிப்பு, சதையை விடக் கொட்டைதான் பெரிது என்று தோன்றும். தோப்புகள் போய்விட்டன. இப்போது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் புளிப்புச் செரிதான், உள்ளூர் மரங்களை மீட்டெடுக்கச் சிலர் முயல்கிறார்கள்.

செய்முறை எளிது, செலவுதான் அதிகம். ஒன்றரை வயது லாம்பிக்கை எடுத்துக்கொள்வார்கள். லிட்டருக்கு 200 கிராம், சில ஆலைகளில் அதற்கும் மேல், முழுச் செரியைக் கொட்டையோடு பீப்பாயில் போட்டு லாம்பிக்கை ஊற்றுவார்கள். நசுக்குவதில்லை, சாறு பிழிவதில்லை. பீப்பாயில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்குத் தலைவாழை விருந்து. நாலைந்து நாளில் பீப்பாய் பொங்கும். சில மாதத்தில் பழத்தின் சர்க்கரை முழுவதும் காலி.

உங்கள் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாம் செரியின் ருசி என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதிக்கு மேல் இனிப்பு. அதை நுண்ணுயிர்கள் தின்றுவிட்டால் எஞ்சுவது தோலின் நிறம், அதன் துவர்ப்பு, பழத்தின் சொந்தப் புளிப்பு, மணம், அதோடு கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் வாசனை. பாதாம் எசன்ஸ் வாடை அது, கண்ணாடிக் கோப்பையில் கடைசியாக மேலே வரும். நல்ல கிரீக்கைக் குடிக்கும்போது வாய் ‘எங்கே இனிப்பு?’ என்று தேடும், மூக்கு ‘செரி, செரி’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த இழுபறிதான் அந்த பானத்தின் சுகமே. சர்க்கரை சேர்த்துவிட்டால் இழுபறி தீர்ந்துவிடும், பானமும் சப்பென்று ஆகிவிடும். இது என் கட்சி. அதற்காக இனிப்பு வகையைக் குடிப்பவர்களைக் கேலி செய்ய மாட்டேன். லாம்பிக்கில் சர்க்கரை கலந்து குடிப்பது அங்கே பழைய வழக்கம்தான். ஃபாரோ என்ற வகையே அப்படிப் பிறந்ததுதான்.

மற்றப் பழங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஸ்பெர்ரி போட்டால் ஃபிராம்புவாஸ். மணம் அள்ளும், ஆனால் சீக்கிரம் மங்கும். கான்டியோனின் ‘ரோஸே த கம்ப்ரினுஸ்’ இந்த வகை. ஆப்ரிகாட் போட்ட ‘ஃபூ ஃபூன்’ அதே ஆலையில் வருவது, கோடையில் காய்ச்சாவிட்டாலும் பழம் போடுகிற வேலை கோடையில்தான். ஆப்ரிகாட்டில் நிறம் ஏறாது, பீர் பொன்னிறமாகவே இருக்கும், முகர்ந்தால்தான் பழம் தெரியும். திராட்சை போட்டதும் உண்டு, அதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் ஒயினா பீரா என்று பந்தயம் கட்டலாம்.

கடையில் எப்படிப் பிரித்தறிவது? லேபிளில் ‘ஔட’ என்ற சொல்லைத் தேடுங்கள், பழைய என்று அர்த்தம். பிரெஞ்சில் ‘வியே’. ஔட கூஸ், ஔட கிரீக் ஆகிய பெயர்களுக்கு 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மரபுத் தயாரிப்புப் பாதுகாப்பு இருக்கிறது. தானாக நொதித்த லாம்பிக்காக இருக்க வேண்டும், பாட்டிலில் மறுபடி நொதிக்க வேண்டும். ஒரே நிறுவனம் இரண்டு வகையும் செய்யும். ஃப்ளேஸன்பேக்கில் உள்ள லிண்டமன்ஸ் இனிப்பான பழ பீர்களால் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர், அவர்களே ‘க்யூவே ரெனே’ என்ற பெயரில் புளிப்பான பழைய வகையையும் போடுகிறார்கள். ஆக, ஆலையின் பெயரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். லேபிளில் அந்தச் சொல் இல்லாததெல்லாம் இனிப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். கான்டியோன் தன் பாட்டில்களில் பெரும்பாலும் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்வதில்லை, ஆனால் அவர்களுடைய கூஸிலும் பழ பீர்களிலும் இனிப்புக்கு இடமே கிடையாது.

குடிக்கும் முறைக்கு வருவோம். ஒரே நாளில் நாலு வகை போதும். ஆல்கஹால் 5, 6 சதவீதம்தான் என்றாலும், புளிப்பு வயிற்றைக் கேள்வி கேட்கும். முதலில் நுரையில்லாத இளம் லாம்பிக் ஒரு சின்னக் கோப்பை, நாக்குக்கு இலக்கணம் தெரிய. அடுத்து கூஸ். மூன்றாவதாக கிரீக். கடைசியில் ராஸ்பெர்ரியோ ஆப்ரிகாட்டோ. பழத்தில் ஆரம்பித்தால் கூஸ் வெறும் புளித்தண்ணியாகத் தெரியும், அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். முதல் மடக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதல் மடக்கில் புளிப்பு மட்டும்தான் தெரியும், மூன்றாவது மடக்கில்தான் மற்றவை வரிசையாக வரும். ஐஸ் மாதிரி குளிர வைக்கவும் கூடாது, 12, 13 டிகிரி போதும். நடு பிரஸ்ஸல்ஸில் ஒரு கடையில் எனக்குக் கொடுத்த கூஸ் உறைபனிக் குளிரில் இருந்தது. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை, விலை மட்டும் இருந்தது.

பாட்டிலைப் படுக்க வைத்த பிரம்புக் கூடையில் கொண்டுவந்து, படுத்த வாக்கிலேயே கார்க்கைத் திறந்து ஊற்றினால் நல்ல கடை என்று தெரிந்துகொள்ளுங்கள். அடியில் படிந்த வண்டல் கலங்காமல் இருக்கத்தான் அந்தச் சாய்மானம். கிரீக் ஊற்றும்போது நுரையைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக எழும்பி சீக்கிரமே அடங்கிவிடும். கடிக்க, ரொட்டியில் தடவிய வெள்ளைப் பாலாடைக்கட்டி, மேலே முள்ளங்கி வட்டங்களும் வெங்காயத்தாளும். உள்ளூர்க்காரர்களின் துணைச்சாப்பாடு அது. புளிப்புக்குக் கொழுப்பு மெத்தை போட்டது மாதிரி இருக்கும்.

பிப்ரவரியில் போகிறீர்கள் என்றால் அதிர்ஷ்டம், அது காய்ச்சும் பருவம். பிரஸ்ஸல்ஸ் மிடி ரயில் நிலையத்திலிருந்து கான்டியோன் நடக்கிற தூரம்தான், பத்து நிமிஷம். 1978இல், கூஸ் வாங்க ஆளில்லாமல் இருந்த காலத்தில், அதை நடத்திவந்த ழான் பியேர் வான் ராய் ஆலையையே அருங்காட்சியகமாக்கித் திறந்துவிட்டார், அதனால் உள்ளே சுற்றிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருந்தால் எய்சரிங்கன் கிராமத்துக்குப் போய் வாருங்கள். தேவாலயத்துக்கு எதிரே ஒரு மதுக்கடை, ஞாயிறு காலைப் பூசை முடிந்து வருபவர்களுக்கான கடையாகவே பேர் பெற்றது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பெருந்தாகத்துக்கு எதிரான இன்சூரன்ஸ்’. லாம்பிக் பட்டியல் புத்தகம் மாதிரி இருக்கும்.

ஊருக்கு வாங்கி வர நினைத்தால், இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. 75 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டும் 37.5 பாட்டில் ஒன்றும் சேர்த்தால் 1.875 லிட்டர், கச்சிதம். பெரிய பாட்டில் இரண்டும் கூஸாக இருக்கட்டும், குளிர்ந்த இருட்டான இடத்தில் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் சென்னையில் மே மாதம் அலமாரியில் வைத்தால் அர்மான்ட் கிடங்கின் கதிதான், ஃபிரிட்ஜின் அடித்தட்டில் இடம் ஒதுக்குங்கள். சின்ன பாட்டில் கிரீக். அதை வந்த வாரமே திறந்துவிடுங்கள். வைத்திருந்தால் கெடாது, ஆனால் செரி வாசனை மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போய், கடைசியில் சிவப்பு நிறத்தில் ஒரு கூஸ்தான் மிஞ்சும்.